கேட்காமல் விட்ட மூன்று ஓட்டைகள்

குளுவாங் ஊரில் நாங்கள் கட்டிய தொழிற்சாலைக்கு முன்பக்கம் இரண்டு மாடி அலுவலகம். கீழ்மாடித் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது மேல்மாடிக்குப் பிளான் முழுதாக வரவில்லை. தொழிற்சாலை முதலாளிக்கு அவசரம். அதனால் ஜொகூர் பாருவில் பிளான் போடுகிறவர்கள் வரைந்துகொண்டே இருப்பார்கள், இங்கே நாங்கள் கட்டிக்கொண்டே இருப்போம். முழுப் பிளானுக்கும் காத்திருந்தால் அடுத்த தீபாவளியும் போய்விடும் என்றார்கள்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காங்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. பிளானில் உள்ளதை அடிப்பேன். பிளானில் இல்லாததைக் கேட்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சிரமம்.

இதற்கு முன் தங்காக்கில் ஒரு தளத்தில் குழாய்க்கு ஓட்டை விடாமல் ஊற்றிவிட்டோம். பிறகு இடித்தார்கள். அப்போதே மேனேஜர் சொல்லிவிட்டார்:

“இன்னொரு தடவ காங்கிரீட்ட ஒடைக்க வச்சீங்கன்னா மண்டோர் வேல இல்ல. பழையபடி பலக தூக்குங்க.”

வெள்ளிக்கிழமை மேல்மாடித் தளம் ஊற்ற வேண்டும். மேலே கழிவறை எங்கே என்று பிளானில் இல்லை. திங்கள்கிழமை கூட்டத்தில் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்து, கதவோரம் உட்கார்ந்து கையைப் பாதி தூக்கினேன்.

“காத்து வரலியா?” என்று மேனேஜர் காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டார். நன்றி சொன்னேன். கூட்டம் முடிந்தது.

கழிவறை வரக்கூடிய இடங்கள் மூன்று. மாடிப்படி ஓரம், மீட்டிங் அறைப் பக்கம், முதலாளியின் அறை மூலை. மூன்றிலும் ஓட்டை விழும்படி கம்பியை ஒதுக்கிப் பலகையால் பெட்டி அடிக்கச் சொன்னேன். எது வந்தாலும் ஒன்று சரியாக இருக்கும்; மற்ற இரண்டை அடைத்துவிடலாம். அடைப்பது இடிப்பதாகாது.

“என்னா மண்டோரே, சல்லடையா கட்றோம்?” என்றார் கூட வேலை செய்தவர்.

“அடிங்க” என்றேன்.

வெள்ளிக்கிழமை ஊற்றினோம். அடுத்த வாரம் ஜொகூர் பாருவிலிருந்து தளத்தின் படங்களைக் கேட்டார்கள். எங்களோடு வேலையிடத்தில் இருந்த எஞ்சினியர் பெண் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பிளான் வந்தது. மேல்மாடியில் மூன்று கழிவறைகள் இருந்தன.

படத்தில் மூன்று ஓட்டைகளைப் பார்த்து, முதலாளி எங்களிடம் நேரில் சொல்லியிருப்பார் என்று வரைந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். வரைந்தவர்களிடம் சொல்லியிருப்பார் என்று எஞ்சினியர் பெண் நினைத்திருக்கிறாள். முதலாளி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிளானைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் கேட்டார், தன் அறைக்குள் கழிவறை யார் யோசனை என்று.

எஞ்சினியர் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், மூணு ஓட்ட போடச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலம்மா.”

“அப்புறம் ஏன் போட்டீங்க?”

“எங்க வரும்னு தெரியல.”

“அலமாக்! ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அங்கிள்.”

“கூட்டத்துல கைய தூக்கினேன்மா. காத்தாடி வந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போனாள். நான் வெளியே நின்று, பலகை தூக்கும் ஆட்கள் தோளில் துணி எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடமாகிவிட்டது, மறந்துபோயிருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். முதலாளிக்குத் தன் அறைக் கழிவறை பிடித்துப்போய்விட்டதாம். மாடிப்படி ஓரத்தது ஆட்களுக்கு. மீட்டிங் அறைப் பக்கத்து ஓட்டையை அடைத்துவிடலாம்.

“ஒன்னும் ஒடைக்கல. அதனால மண்டோர் வேல அப்படியேதான் இருக்கும்” என்றார். “ஆனா இனிமே ஒவ்வொரு திங்கக்கெழமயும் கூட்டத்துல மொதல்ல நீங்கதான் பேசணும். எழுந்து நின்னு, பிளான்ல என்னென்ன இல்லன்னு சத்தமா சொல்லணும். நீங்க சொல்லி முடிக்காம ஊத்தக் கூடாது.”

“எழுந்து நிக்கணுமா பாஸ்?”

“நிக்கணும் லா.”

அந்த வாரம் மூன்றாவது ஓட்டையை நானே அடைத்தேன். அடுத்த திங்கள்கிழமை காலை கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். காற்றாடி என் பக்கம்தான் இருந்தது. பலகை தூக்குவது அவ்வளவு மோசமான வேலை இல்லை என்று எனக்குத் தோன்றியது.