இருளப்பனின் இருபது குதிரைகள்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையின் குதிரைக்காரன் இருளப்பன். குதிரை உதைத்து முழங்கால் போனதிலிருந்து அவனால் மலையேற முடியாது. லாயம்தான் சோறு போட்டது. அந்த மழைக்காலத்தில் துரையின் ஒற்றைக் குதிரையும் வயிறு உப்பிச் செத்துப்போனது. "இனிமே லாயத்துல உனக்கென்ன வேலை? திங்கக்கிழம காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்துரு, மலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டார் கணக்கப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வாயெல்லாம் பல்லாக வந்தார். "பத்தனைப் புல்வெளிய உழறதுக்குத் துரை ஒண்ணு வாங்கியிருக்காரு. இருவது குதிர வலுவாம்! நாளைக்கு வருது."

வலுவை யார் கேட்டார்கள்? இருளப்பன் காதில் இருபது குதிரை மட்டும்தான் விழுந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நொண்டி நொண்டிப் புல்லறுத்துக் குவித்தான். பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து லாயத்துக் கல்தொட்டியை விளிம்புவரை நிரப்பினான். எல்லாம் ஒரே நிறமா, கடிக்கிற குதிரை இருக்குமா என்று கேட்டுக் கேட்டு மனைவி ரெங்கம்மாவின் உயிரை வாங்கினான்.

"வந்தா தெரியுது. பேசாம இருங்க" என்றாள் அவள்.

மறுநாள் லாயத்து வாசலில் தடதடவென்று வந்து நின்றது ஓர் இரும்பு வண்டி. முன்னால் சின்னச் சக்கரம் இரண்டு, பின்னால் நெஞ்சுயரச் சக்கரம் இரண்டு. ஓட்டிவந்தவன் பதுளை ஜௌபர்.

"குதிரைங்க பின்னால வருதா தம்பி?"

"எல்லாம் இதுக்குள்ளதான் அண்ணே" என்று சிரித்தான் ஜௌபர்.

இருளப்பனுக்கு முகம் செத்துவிட்டது. மலையும் பெரட்டும் கண்முன் நின்றன. ஆனாலும் கால் நகர மறுத்தது. இத்தனை குதிரையை இந்தப் பெட்டிக்குள் எப்படி அடைத்தார்கள்? சுற்றிச் சுற்றி வந்தான்.

"புல்லு திங்குமா?"

"மண்ணெண்ணெய் மட்டும்தான்."

"பின்னுக்குப் போகுமா?"

"முன்னுக்கு ரெண்டு கியர், பின்னுக்கு ஒண்ணு."

பின்னுக்கு வா என்றால் செத்துப்போன குதிரை ஒருநாளும் கேட்டதில்லை. இருளப்பன் வாயைப் பிளந்தான்.

அப்போது அதன் மூக்கிலிருந்து ஆவி சீறியது. "மேடேறினதுல கொதிச்சிருச்சி! தண்ணி, தண்ணி!" என்று கத்தினான் ஜௌபர். நிரம்பிய தொட்டி பக்கத்திலேயே இருந்தது. இருளப்பன் வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்தான். அது குடித்துக்கொண்டே இருந்தது.

"உழுது முடியுமட்டும் இப்படித்தான் குடிக்கும். கூடவே ஒரு ஆள் வேணும்" என்றான் ஜௌபர், கணக்கப்பிள்ளையிடம்.

கணக்கப்பிள்ளை தொட்டியைப் பார்த்தார், இருளப்பனின் முழங்காலைப் பார்த்தார். "மலைக்குப் போக வேணாம். இதோட இரு."

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் இரும்பின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தவன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"ரெங்கம்மா," சுட்ட விரலை வாயில் வைத்தபடி லாயத்துக்குள் நின்ற மனைவியைப் பார்த்துக் கூவினான், "இருவதுல ஒண்ணு கடிக்குதுடி!"