வெள்ளையாக நின்ற போன்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பரங்கிப்பேட்டையில் மீன் பிடிக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன்.

கடலூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் தேவி, படகுகளுக்குக் கரைக்கு வழி காட்டும் ஆப் ஒன்று செய்தாள். "வெப்சைட் மாதிரியே எழுதி ஆப்பா மாத்திருக்கேன் மாமா. எந்த போன்லயும் ஓடும். ஆனா சிக்னல் இல்லாத எடத்துல தொறக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

படகில் எல்லார் முன்னாலும் போனைத் தடவ வெட்கமாக இருந்தது. கரையில் திறப்பது கடலில் திறக்காதா என்று நினைத்து, "கடல்லயும் நல்லா தொறக்குதும்மா" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி அவள் மற்ற படகுகளுக்கும் கொடுத்தாள்.

மார்கழியில் ஒருநாள் காலை, கடலில் பனி மூடியது. திசையே தெரியவில்லை. போனில் ஆப்பைத் திறந்தேன். சிக்னல் இல்லை. திரை வெறும் வெள்ளையாக நின்றது.

"என்னா மச்சான், ஆப்புலயும் பனி மூடிக்கிச்சா?" என்று படகில் கூட வந்த என் மைத்துனர் சிரித்தார். இன்ஜினை நிறுத்தினோம்.

பனிக்குள் வேறொரு படகிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருப்பா அங்க? எங்க போனு வெள்ளையா நிக்குது. உங்களுது தொறக்குதா?"

அப்போதுதான் எனக்கு உயிரே போனது. என் பொய்யை நம்பி இன்னும் எத்தனை பேர் இந்தப் பனிக்குள் நிற்கிறார்களோ!

இரண்டு படகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வெயில் வரும்வரை கிடந்தோம். நல்லவேளை, எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

தேவியிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள், "மேப்ப போனுக்குள்ளயே வச்சுடறேன். மறுபடியும் நீங்கதான் பாக்கணும் மாமா" என்றாள்.

இப்போது எல்லார் முன்னாலும் நடுக்கடலில்தான் திறந்து பார்க்கிறேன். படம் வருவதற்குள் திரை ஒரு நொடி வெள்ளையாக நிற்கும். படம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தேவியிடம் "தொறக்குதும்மா" என்று சொல்கிறேன்.