லண்டன் மரவீடும் மாப்பிள்ளையின் உம்மாவும்

வீட்டுப் பிளான் கீறுகிறவனின் தலையிடியெல்லாம் வாடிக்கையாளரின் போனில் இருக்கும் படத்தில்தான் தொடங்குகிறது. ஒரு சுவராவது கட்டிப் பார்த்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

படம்

கல்முனையில் ஒரு ஹாஜியார் மகளுக்குச் சீதனமாக வீடு கட்ட வந்தார். கல்யாணம் பேசியாயிற்று, வீட்டைப் பார்த்த பிறகுதான் நாள் குறிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து லண்டனில் இருக்கும் மகன் ஒரு படம் அனுப்பினான். நூற்றாண்டுகள் கண்ட பண்ணைவீடு. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் நேரும் குறுக்கும் சரிவுமாக ஓடின. தங்கச்சிக்கு அப்படியே வேண்டுமாம். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இத்தின வருசமாப் பூச்சு வேலை முடிக்காத மேசனும் லண்டனில இரிக்கானா தம்பி?"

களிமண்

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மரச்சட்டம்தான் வீட்டின் எலும்பு. மரமுளை அடித்துப் பொருத்துவார்கள். இடைவெளியில் கம்பு பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். சொல்லச் சொல்ல ஹாஜியாரின் முகம் மாறியது. அவர் பிறந்ததே வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டில்தான்.

"அந்த ஊட்ட உட்டுத் தப்பத்தானே நான் அவன லண்டனுக்கு அனுப்பினன்!"

ஓடாவியின் தீர்ப்பு

மகன் விடவில்லை. கடைசியில் கல்லால் கட்டி, கொங்கிறீட் தூண் போட்டு, மரவேலை ஓடாவியைப் பிடித்து வெளியே பலகை அறைந்து கறுப்புப் பெயின்ட் அடித்தோம். வேலை முடிந்து ஓடாவி தள்ளி நின்று பார்த்தார்.

"சுமக்கிற வேலை ஒண்டுமில்ல, முன்னுக்கு மட்டும் நிக்கிது. என்ட மச்சான்தான் இது."

மாப்பிள்ளையின் உம்மா

வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். பெண்ணின் உம்மாவுக்குக் கண் கலங்கியது. நான் ஓடிப்போய்ப் பலகையைத் தட்டிக் காட்டினேன்.

"சும்மா அழகுக்கு அடிச்ச பலகை" என்றேன்.

"சும்மா எண்டா ஒண்டக் கழட்டுங்க" என்றார்.

ஓடாவி நெம்பினார். பலகையோடு பூச்சும் பெயர்ந்து விழுந்தது. மாப்பிள்ளையின் உம்மா அந்த இடத்தில் விரலை விட்டார், கல்லைத் தட்டினார், பிறகு தோளைக் கொடுத்துச் சுவரை ஒரு தள்ளுத் தள்ளினார். சுவர் அசையவில்லை.

"ஓம், ஊடு நிக்கும். நாளக் குறிங்க. மத்தப் பலகையளையும் கழட்டிருங்க, கல்யாணத்துக்கு வாற ஆக்கள் பயப்படுவாங்க."

இங்கிலாந்து வீடு மரச்சட்டத்தில் நிற்கிறதாம். எங்கள் ஊர் வீடு மாப்பிள்ளையின் உம்மா சொல்லும் ஒரு ‘ஓம்’மில் நிற்கிறது.