நான் சாகடித்த பற்றரி

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நான் எடுத்த ஒரு கல்யாண வீடியோவில் பதினொரு நிமிடம் இல்லை. தாலி கட்டியது அந்தப் பதினொரு நிமிடத்துக்குள்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் போரால் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் நான் ஒரு பெரிய புள்ளி. செத்த ரோர்ச் பற்றரியில் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்து, ரேடியோவில் இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்க வைத்துவிடுவேன். ஒரு பற்றரியைக் கடைசிச் சொட்டுவரை பிழியாமல் விடுவது பாவம் என்ற எண்ணம் அப்போது ஊறியது. எனக்கு விசா தந்தவர்கள் அந்தத் தலைக்கனத்துக்கும் சேர்த்துத் தந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பேன். பழைய கமராவின் பற்றரி நிக்கல் காட்மியம் வகை. பாதியில் சார்ஜ் ஏற்றினால் அது சோம்பேறியாகிவிடும் என்பார்கள். அதனால் ஒரு கார் பல்பை மாட்டி முழுதாக வடித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். எனக்குப் பிடித்த வேலை அது.

பிறகு புதுக் கமரா வாங்கினேன். அதற்கு லித்தியம் அயன் பற்றரி. மெல்லியதும் தடித்ததுமாக இரண்டு அளவு இருந்தது. மெல்லியதில் இரண்டு வாங்கி ஒன்றைக் கைவசம் வைத்திருக்கச் சொன்னாள் கடைக்காரப் பெண். நான் தடித்ததில் ஒன்று போதும் என்றேன். அவள் விடவில்லை. இதை முழுதாக வடிய விடாதே, வெறுமையாக வைக்காதே, கொஞ்சநாள் பாவிக்காவிட்டால் பாதிச் சார்ஜோடு வை என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பற்றரியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்தேன். பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார் பல்பை எடுத்தேன். பல்பின் இழை சிவந்து மங்கி அணையும்வரை வடித்து, மறுபடி ஏற்றி, மறுபடி வடித்தேன். கடைசியில் வெறுமையாகவே கராஜில் ஒரு மேசை லாச்சிக்குள் இரண்டு மாதம் போட்டுவைத்தேன்.

அந்தக் கல்யாணம் என்னோடு வேலை செய்த பொடியனுடையது. மணப்பெண்ணின் அம்மா கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார். இங்கு வர விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் அந்தப் பெண் எனக்கு நகரின் மறுகோடியில் இருந்த ரானுயியிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணை, வேற ஒண்டும் வடிவா வராட்டிலும் பரவாயில்லை. தாலி கட்டுறது மட்டும் அம்மாவுக்கு வேணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன், தங்கச்சி. நீர் பேசாமல் இரும்" என்றேன்.

அன்று சார்ஜ் ஏற்றியபோது வழக்கத்தைவிட மிக விரைவாக விளக்கு 'நிறைந்தது' என்று காட்டியது. புதுச் சாமானின் வேகமே தனி என்று மெச்சிக்கொண்டேன். நான் கெடுத்த செல்லுக்குள் சார்ஜ் பிடிக்க இடமே மிஞ்சவில்லை என்பதால்தான் அது அவ்வளவு சீக்கிரம் நிறைந்தது என்று எனக்கு யார் சொல்வது? சொன்னவளின் பேச்சைத்தான் நான் கேட்கவில்லையே.

மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு ஒழுங்காகப் பதிவானது. கூறைச் சேலையோடு பெண் வந்து மணவறையில் அமர்ந்தாள். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பினார். அப்போது கமராவில் சிவப்புப் புள்ளி மினுங்கியது. இரண்டு மூச்சு விடுவதற்குள் திரை கறுத்தது.

சுவர் மின்சாரத்தில் ஓட்டும் வயர் காரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். மணவறைக்குப் பின்னால் இருந்த ஒரே பிளக்கில் கெட்டிமேளக் கசற் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற முடியாது. நான் தரையில் தவழ்ந்து வேறு பிளக் தேடிக்கொண்டிருந்தபோது மேளம் உச்சத்துக்குப் போனது. தலைக்கு மேலே வாழ்த்தி எறிந்த அறுகரிசி பறந்தது. நான் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது; மேளக் கசற்றை நிறுத்திய பிறகே அந்தப் பிளக் கிடைத்து மீதியை எடுத்தேன். தாலி கட்டும்போது போட்டோக்காரர் எடுத்த படத்திலோ மாப்பிள்ளையின் கை பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டது.

"செல் பழுது. கொம்பனிக்காரன்ர பிழை" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பற்றரி விஷயத்தில் என் சொல்லுக்கு மறுசொல் ஏது? மாப்பிள்ளைப் பொடியன் நியாயம் கேட்க என்னைக் கோபத்தோடு பற்றரி வாங்கிய கடைக்கு இழுத்துப்போனான். முழுதாக வடிய விட்டாயா என்று அதே பெண் கேட்டாள். இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் புதுப் பற்றரி தந்தாள். அவள் சொன்னபடியே அதைப் பாவித்தேன், பல வருடம் உழைத்தது. ஒவ்வொரு முறை அதைக் கமராவில் மாட்டும்போதும் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

வீடியோ கசற் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த கிழமை புதுத் தம்பதி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அம்மா கொழும்பிலிருந்து போனில் இருந்தார். வீடியோ எடுத்த தம்பியோடு கதைக்க வேண்டுமாம். ஏச்சு வாங்கினால் நல்லது என்று நினைத்தபடி ரிசீவரை வாங்கினேன்.

"தம்பி, கமரா நிண்டதுக்கு நீங்கள் என்ன செய்வியள்? அதை விடுங்கோ. கிட்ட நிண்டு பாத்தது நீங்கள்தானே. தாலி கட்டேக்கை பிள்ளை அழுதவளோ, சிரிச்சவளோ?"

அந்த நேரம் பிளக் தேடித் தவழ்ந்த நான் பார்த்தது சுவரின் அடிப்பலகையை.

"சிரிச்சவ, அம்மா. நல்ல வடிவாச் சிரிச்சவ."

"அது காணும் தம்பி. அது போதும் எனக்கு."

பக்கத்தில் நின்ற பெண் ரிசீவரை வாங்கினாள். "ஓம் அம்மா, சிரிச்சனான்" என்றாள். வேறு நாலு கதை கதைத்துவிட்டு மெல்ல வைத்தாள். கணவன் குசினிக்குள் கோப்பை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"அண்ணை, நான் விக்கி விக்கி அழுதனான். நீங்கள் பாக்கவே இல்லையோ?"