சக்கரத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அப்பா கால்வாயில் விழுந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறீர்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், நீங்களும் சிரிக்கிறீர்கள், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் கால்வாயின் ஆழத்தை மட்டும் கூட்டாதீர்கள், அது முட்டிக்கால் அளவுதான்.

முதலில் இஞ்சின் வந்தது. கொண்டுவந்தவர் உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். ரவாங்கில் அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் வேலை செய்கிறவர். நம் கிள்ளானில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு ஏர்கோன் பழுது பார்க்க வந்தவர், மூலையில் கிடந்த இஞ்சினைப் பார்த்து மயங்கிவிட்டார். அன்று சாயங்காலமே அது நம் வீட்டு முன்வாசல் போர்ச்சில் இறங்கியது.

"ஜெட் ஸ்கி இஞ்சின், மாப்ளே. ரெண்டு சிலிண்டர். கடைக்காரனுக்கே அருமை தெரியல."

"தண்ணியில ஓடறத எதுக்கு மச்சான் என் போர்ச்ல எறக்குறீங்க?"

"நீங்க வண்டிக்கு இரும்புக் கூடு செய்ங்க, நான் இஞ்சின உக்கார வெக்கிறேன். மண்ணுல, சேத்துல ஓடுற பக்கி வண்டி. பிள்ளைங்க சந்தோஷப்படும் லா."

பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் பெரியவர்கள் விளையாட்டுச் சாமான் வாங்குகிறார்கள். இதை நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இஞ்சினில் பொறித்திருந்த எண்ணை உங்களில் பெரியவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. தடித்த சட்டை போட்டவர்கள் பனிமேல் பறந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, இது ஜெட் ஸ்கி இல்ல. ஸ்னோமொபைல். பனியில ஓடறது."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

"அண்ணே, கிள்ளான்ல எப்ப பனி பெய்யும்னு கேட்டுட்டு வாங்குனியா?"

மாமா அசரவில்லை. "பனின்னா என்னா? குளுரு. குளுருன்னா யாரு? ஏர்கோன்காரன். நம்ம லைன் தான் இது."

கூடு செய்வது என் பொறுப்பு. நான் வீடுகளுக்கு கிரில், கேட் செய்கிறவன். என் கைக்குத் தெரிந்தது அதுதான். கூட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு வைத்தேன், கதவுக்குக் கீல் வைத்தேன். வேலை மும்முரத்தில் தாழ்ப்பாளும் பூட்டு மாட்டும் வளையமும் வைத்துவிட்டேன். பூச்சோங்கில் ஒரு வீட்டுக்கு வளைத்த பூ வேலை நான்கு மிச்சம் இருந்தது. வீணாகப் போக வேண்டாமே என்று அதையும் முன்பக்கத்தில் ஒட்டினேன். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பாஸ், இது யார் வீட்டு கேட்டு?" என்று மலாயில் கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே ஓடிப்போய்த் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

இஞ்சினுக்குச் சாவி கிடையாது. புல் வெட்டும் இயந்திரம் மாதிரி கயிற்றை இழுத்தால் கிளம்பும். கிளம்பியது. வரிசை வீடு பூராவும் அதிர்ந்தது. ஐந்து நிமிடத்தில் நீராவி விட்டு நின்றும் போனது. பனிநாட்டில் ஓடும்போது வண்டிக்கு அடியிலிருக்கும் தகட்டில் பனி அடித்துக்கொண்டே இருக்கும், அதில்தான் இந்த இஞ்சின் சூடு ஆறும். நம் போர்ச்சில் பனிக்கு எங்கே போவது? சின்னக் கார் ஒன்றின் ரேடியேட்டரை மாட்டினோம், போதவில்லை. அம்மாவின் மேசைக் காற்றாடியைக் கம்பியால் கட்டிப் பார்த்தோம். புகைபோக்கியின் சூட்டில் அதன் இறக்கைகள் மூன்றும் வாடிய வாழை இலை மாதிரி தொங்கின.

அன்றைக்குத்தான் அம்மா வெளியே வந்தார். கையில் முறுக்குக் குழல். தீபாவளிக்கு அவர் முறுக்கு சுட்டு விற்பது உங்களுக்குத் தெரியும், சுடுகிற இடம் அந்த போர்ச். அங்கே இப்போது பூப்போட்ட இரும்புக் கூடு ஒன்று நின்றது.

"என்னாங்க, திங்கக்கிழமை நான் அடுப்பு வெக்கணும். ஞாயித்துக்கிழம உங்க வண்டியில என்னை உக்கார வெச்சு, போயிட்டுத் திரும்பி வாங்க. வழியில நிக்கக் கூடாது, எறங்கித் தள்ளக் கூடாது. செஞ்சா அது வண்டி. இல்லாட்டி அது இரும்பு. பழைய பேப்பர், இரும்பு வாங்குற லோரி சாயங்காலம் வரும், நானே நிப்பாட்டிக் குடுத்துருவேன்."

அவர் சொன்னால் செய்வார். என் பழைய மோட்டார் சைக்கிள் அந்த லோரியில்தான் போனது.

வழி சொன்னது சின்னவள். "பனி இஞ்சின்தானே? ஐஸ் போடுங்க லா, அப்பா."

மாமா அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். பிறகு ஏர்கோனுக்குப் போடும் செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்தார். அதை ஒரு ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இருக்கைகளுக்கு நடுவில் பொருத்தினோம். இஞ்சினின் சுடுதண்ணீர் அந்தச் சுருளுக்குள் போய்க் குளிர்ந்து திரும்பியது. போர்ச்சில் பதினைந்து நிமிடம் ஓடியது. மாமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை வண்டியை என் கிரில் லோரியில் ஏற்றினோம். புது வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும் என்று நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னும் வண்டியே ஆகல. அதுக்குள்ள பூஜையா?"

நான்கையும் பிழிந்து, சீனி போட்டு, நீங்கள் விரும்பும் உப்புப் பிளம் போட்டு, பெரிய ஜாடி நிறைய ஐஸ் ஜூஸ் கலக்கிவிட்டார்.

நாங்கள் போனது ரவாங்கில் மாமாவுக்குத் தெரிந்தவரின் செம்பனைத் தோட்டம். உள்ளே ஒரு மண்பாதை. அதன் கடைசியில் ஈயம் தோண்டிய பழைய குட்டை, அதில் இப்போது மீன் வளர்க்கிறார். பாதை ஆரம்பத்திலிருந்து குட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். ஐஸ் இரண்டு பை கொண்டுவந்திருந்தோம். ஆனால் மாமா வழியில் ரொட்டி சானாய் சாப்பிட வேண்டும் என்றார். ஒன்று சாப்பிட்டார். பிறகு முட்டை போட்டு ஒன்று சாப்பிட்டார். பிறகு தே தாரேக் டீ ஆறட்டும் என்றார். அவர் தே தாரேக் ஆறிய நேரத்தில் ஒரு பை ஐஸ் தண்ணீராகிவிட்டது.

மிச்ச ஐஸைப் போட்டு, முதலில் நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இதோ, நீங்கள் கதையை ஆரம்பிக்கும் இடம் வந்துவிட்டது. பனி வண்டிக்குக் கியர் இல்லை, பெல்ட் மட்டும்தான். எண்ணெய்க் கட்டையை மிதித்தால் முன்னால் போகும். பின்னால் போகவே போகாது. அது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் பாதையை ஒட்டிய கால்வாய் ஓரத்தில் வளைவு பத்தாமல் போனபோது என் கை தானாக ரிவர்ஸ் கியரைத் தேடியது. இல்லாத கியரைத் தேடி முடிப்பதற்குள் பூ வேலை நான்கும் சேற்றில் இருந்தன.

"அப்பா, கேட்ட தொறந்துட்டு வெளிய வாங்க!" என்று கத்தியது சின்னவள்தான். பெரியவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமா, நீங்கள், மீன் குட்டைக்காரர் எல்லோரும் சேர்ந்து தூக்கினீர்கள். "என்ன மாப்ளே, வண்டியா இது? வீட்டு கேட்டே எடை கம்மி," என்று மாமா மூச்சு வாங்கினார். தூக்கி முடித்தபோது ஐஸ் பாதிகூட இல்லை.

"இது கணக்குல வருமா?" என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

"நான் இன்னும் ஏறலியே," என்றார். ஜூஸ் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து ஏறி, தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். அந்தத் தாழ்ப்பாளை மதித்த ஒரே ஆள் அவர்.

போகும்போது நன்றாகத்தான் போனோம். குட்டையைச் சுற்றி ஒரே வளைவில் திரும்பினேன். அம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கொஞ்சம் வேகமா போகாதா?" என்றார். அதை நான் அவர் சொன்னதாக யாரிடம் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்வதில்லை.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் நீராவி வாசனை வந்தது. பெட்டிக்குள் பார்த்தேன். ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்தான். இஞ்சின் சத்தம் மாறத் தொடங்கியது. நிறுத்தினால் வண்டி இரும்பாகிவிடும். நிறுத்தாவிட்டால் இஞ்சின் கெட்டு, எப்படியும் இரும்பாகிவிடும். அம்மா என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தூரத்தில் கையாட்டிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்தார்.

பிறகு பெட்டி மூடியைத் திறந்து, ஜாடியை அப்படியே கவிழ்த்தார். ஐஸ், எலுமிச்சைச் சாறு, சீனி, உப்புப் பிளம் எல்லாம் செம்புச் சுருள்மேல் விழுந்தன.

"ஏன் பாக்குறீங்க? ரோட்ட பாத்து ஓட்டுங்க," என்றார்.

அந்த ஐஸில்தான் உங்களிடம் வந்து சேர்ந்தோம், நிற்காமல், தள்ளாமல். நீங்கள் குதித்தீர்கள். பிறகு ஜூஸ் கேட்டீர்கள். அம்மா காலி ஜாடியைக் காட்டி, "ரோடு மேடும் பள்ளமுமா இருந்துச்சு, கொட்டிப் போச்சு," என்றார்.

மாமா பெட்டியைத் திறந்தார். விரலை நனைத்து நக்கிப் பார்த்தார். "ஏம்மா, எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு அடியில வெப்பாங்க. நீ இஞ்சினுக்கே குடிக்கக் குடுத்துட்டியா?"

"வாய மூடு, அண்ணே."

வீட்டுக்கு வந்து வண்டியை போர்ச்சுக்குள் தள்ளிவிட்டுக் கை கழுவும்போது, தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய பேப்பர் லோரி. அம்மா கேட்டுக்கு வெளியே போய்க் கையைக் காட்டினார். லோரி நின்றது. மாமா வண்டிக்கு முன்னால் வந்து, ஏதோ தற்செயலாக நிற்பதுபோல நின்றார். சின்னவள் உள்ளே ஏறித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். லோரிக்காரர் வண்டியை மேலும் கீழும் பார்த்து, கையுறையை மாட்டத் தொடங்கினார்.

"அங்கிள், அது இல்ல," என்று அம்மா மலாயில் சொன்னார். வீட்டுக்குள் போய், இறக்கை தொங்கிய மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "இது மட்டும்தான்."

லோரி போனதும் எங்கள் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில அடுப்பு வெக்கணும். வண்டிய உங்க பட்டறைக்குக் கொண்டு போங்க."

வண்டி என்றுதான் சொன்னார். நான் நன்றாகக் கேட்டேன். மாமாவும் கேட்டார்.