மிஸ்ஸிங் என்றொரு சொல்

இங்கே ஆட்கள் பயப்படுவதற்கென்றே புத்தகம் இரவல் எடுக்கிறார்கள். வெரிபீ என்ற இந்த வெளிநாட்டு ஊரில் நான் போகும் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் எடுத்தது, இன்றைய ஸ்பானிய எழுத்தாளர்களின் திகில் கதைகளும் இருண்ட மாயக் கதைகளும் அடங்கிய ஓர் ஆங்கிலத் தொகுப்பு. வட்டத்தை நடத்தும் மார்கரெட் பிஸ்கட் தட்டை நீட்டியபடி, "எந்தக் கதையில் அதிகம் நடுங்கினீர்கள்?" என்று கேட்டார்.

என்னை உலுக்கிய கதையில், சிறுவனாக இருந்த மகனைச் சீருடைக்காரர்கள் கொண்டுபோய்விடுகிறார்கள். மழை பெய்யும்போதெல்லாம் தாய் அவனுடைய ஈரக் கால்தடங்களை வீட்டுக்குள் காண்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் தடங்கள் கொஞ்சம் பெரிதாகின்றன.

"துயரத்துக்கு நல்ல குறியீடு," என்றார் ஒருவர். "என்ன கற்பனை," என்றார் இன்னொருவர்.

எனக்கு அது கற்பனையாகப் படவில்லை. ஊரில் போர் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அண்ணாவை பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். கிளிநொச்சியில் அம்மா இப்போதும் தீபாவளிக்கு அவருக்குப் போடச் சேட்டு வாங்குகிறார். போன முறை தொலைபேசியில், "இந்தமுறை ஒரு சைஸ் பெரிசா எடுத்தனான் பிள்ளை. அவனும் இப்ப உடம்பு வைச்சிருப்பான்தானே," என்றார்.

இத்தனை வருடங்களாக இங்கே யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். "என் அண்ணாவும் மிஸ்ஸிங்."

மார்கரெட்டின் முகம் இளகியது. "அடடா. கண்டுபிடித்துவிட்டீர்களா? என் மைத்துனரும் ஒருமுறை மலையேறப் போய் மிஸ்ஸிங்."

"இல்லை. இராணுவம் கொண்டுபோனது."

மார்கரெட், என்மேல் உள்ள அக்கறையில்தான், "அடுத்த மாதம் கொஞ்சம் லேசான புத்தகமாக எடுப்போமா?" என்றார். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருவரும் கெட்டவர் இல்லை, யார்மேல் கோபப்படுவது?

கார் தரிப்பிடத்தில் ரோசா என் பின்னால் வந்தார். சிலியிலிருந்து சிறுவயதில் வந்தவர். வட்டத்தில் அதிகம் பேசமாட்டார். அந்தக் கதையை ஸ்பானிய மொழியிலேயே படித்திருந்தார்.

"அதில் மிஸ்ஸிங் என்று இல்லை," என்றார். "தெசபரெசிதோ. அவன் தானாகத் தொலையவில்லை. யாரோ செய்தது. என் அப்பாவும்..." அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"எங்களிடமும் அப்படியொரு சொல் இருக்கிறது," என்றேன். "காணாமல் ஆக்கப்பட்டவர்."

ரோசா அதைச் சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. அவருடைய சொல் எனக்கும் சரியாக வரவில்லை. கடைசியில், அவரவர் சொல்லுக்கு என்ன பொருள் என்று கார்களுக்கு நடுவே நின்று நாங்கள் விளக்கிக்கொண்டது ஆங்கிலத்தில்தான்.