குழிக்குள் நின்ற மான்

கார் ஓடுவதற்குக் கண் வேண்டும், கை வேண்டும், கால் வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் நான் வாசித்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மாவட்டக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் வாசித்தே தலை நரைத்தவன் நான். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. அதாவது, கண் நன்றாக இருந்த காலத்தில்.

கண்ணில் கோளாறு என்பது பேப்பர் வாசிக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்தை மட்டும் காணவில்லை. சுற்றி இருக்கிற எழுத்தெல்லாம் இருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் கண் டொக்டர். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். பிறகு, "வாகனம் ஓடுறனீங்களா?" என்று கேட்டார்.

"இடைக்கிடை" என்றேன்.

"யோசிச்சுச் செய்யுங்கோ."

ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தனிடம் யோசிக்கச் சொல்வது மாட்டிடம் அசைபோடச் சொல்வது மாதிரி. இரண்டு வருடம் யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஓடினேன். சாரதி அனுமதிப்பத்திரம் முடிய இன்னும் காலம் இருந்தது. எனக்குப் பார்வை இருக்கிறது என்று அரசாங்கம் எழுதித் தந்திருக்கிறது. அதை நானே மறுத்துப் பேசுவது சேவைக்காலத்தில் நான் பழகிய பழக்கம் அல்ல.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். நான் காரை நிறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் பக்கத்து ஊரான நிலாவெளியில் இருந்தது. மனைவியின் அக்கா அங்கே விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ஒவ்வொரு புதன்கிழமையும் மனைவி அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். இவளுக்கு முழங்கால் வருத்தம், பஸ் படியில் ஏற ஏலாது. சகோதரிகள் இருவரும் கட்டில் ஓரத்தில் இரண்டு மணி நேரம் கதைத்துவிட்டு வந்தால்தான் வீட்டில் அந்தக் கிழமை கறிக்கு உப்புப் புளி சரியாக இருக்கும். நான் காரை நிறுத்தினால் அந்தப் புதன்கிழமையும் நின்றுபோகும். அப்படித்தான் நினைத்தேன். வாடகைக்கு ஓட்டோ பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொந்தக் காரில் பெண்சாதியைக் கூட்டிப்போகிறவன் என்ற எண்ணம் இருக்கிறதே, அது ஓட்டோவில் ஏறாது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். "இஞ்சாரும், உமக்கு நல்ல கண். முன்னால என்ன வருகுதெண்டு சொல்லிக்கொண்டு வாரும், எனக்கு உதவியாயிருக்கும்" என்றேன் மனைவியிடம். என் கண்ணின் நிலைமையை முழுவதுமாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று முதல் அவள் பக்கத்துச் சீற்றில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். "பஸ் வருகுது. கோயிலடி, சனம் நிக்கும், மெல்லப் போங்கோ. இடப்பக்கம் சைக்கிள். சந்தி." கண் அவளுடையது, கை கால் என்னுடையது. இருபது கிலோமீற்றர் வேகத்தில் எங்கள் வெள்ளைக் கார் ஒரு கூட்டு முயற்சியாக ஊருக்குள் போய்வந்தது.

மகள் வெளிநாட்டிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் வருவாள். "அப்பா, ஓடுறத நிப்பாட்டுங்கோ. ஆரையும் இடிச்சுப்போட்டு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யாதீங்கோ" என்பாள். திரையில் அவளுடைய முகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாமல், குரல் வந்த பக்கம் பார்த்து, "எப்ப நிப்பாட்டுறதெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்பேன்.

அதைத் தீர்மானிக்க ஒரு முறை வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை விசாரணை. ஏதாவது பிசகு நடந்தால், அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து என்னை நானே விசாரிப்பேன். முறைப்பாடு செய்தவன் நான், குற்றம் சாட்டப்பட்டவன் நான், விசாரணை அதிகாரியும் நான். பக்கக் கண்ணாடி எங்கள் கேற்றுத் தூணில் உரசி உடைந்தபோது, தூண் அளவுக்கு மீறி வெளியே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கட்டுவித்தவன் நான்தான், ஆனால் அது வேறு கோப்பு. இன்னொரு நாள் வீதியோரம் சிவப்புச் சேலையோடு தெரிந்த மனுசி யாரோ நிற்கிறா என்று காரை மெதுவாக்கி, "சுகமாயிருக்கிறீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. என்ன கோபமோ என்று இரண்டு நாள் மனவருத்தப்பட்ட பிறகுதான் அது தபால் பெட்டி என்று தெரிந்தது. ஒரு அரச ஊழியன் இன்னொரு அரச சேவையிடம் சுகம் விசாரித்ததில் குற்றமில்லை என்று அந்த விசாரணையும் முடிந்தது.

இப்படி ஒன்பது விசாரணைகள். ஒன்பதிலும் விடுதலை. ஆனால் புதன்கிழமை காலையானால் சாவியைத் தேடி எடுக்கவே எனக்குக் கனநேரம் பிடிக்கும். பயந்தேன், வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியின் கண் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் ஓடினேன்.

அந்தப் புதன்கிழமை நிலாவெளியிலிருந்து திரும்பி, பள்ளிக்கூடம் விடுவதற்குக் கொஞ்சம் முன்னர் நகரத்துக்குள் வந்தோம். கோட்டைப் பக்கம் திரும்புகிற சந்திக்குக் கிட்ட, நடுவீதியில் ஒரு மான் நின்றது.

எங்கள் ஊரில் புள்ளிமான்கள் தெருவில் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினமான காட்சி. வாழைப்பழத் தோல், பஸ் ரிக்கற், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் தின்னும். அவை வீதியைக் கடந்தால் நாங்கள் நிற்போம். கோன் அடித்துச் சத்தம் போடக்கூடாது, போட்டால் வெருண்டு காருக்கு மேலேயே பாயும். பேசாமல் நிற்க வேண்டும். அது போகிறபோது போகும். பிரதமரே வந்தாலும் கோன் அடித்து நகர்த்துகிற ஊரில், மானுக்கு மட்டும் அந்த மரியாதை.

காரை நிறுத்தினேன். நல்ல கொம்புள்ள கிடாய். நடுப்பகுதி எனக்கு மங்கல், ஆனால் இரண்டு பக்கமும் விரிந்த கொம்பு தெளிவாகத் தெரிந்தது.

"மான்" என்றேன்.

"ஓம்" என்றாள் மனைவி. "பின்னால குட்டியும் நிக்குது. பொறுங்கோ."

பொறுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஐஸ் ஏற்றிய மீன் லொறி. பிறகு ஓட்டோக்கள். எதிர்ப் பக்கமிருந்து வந்த வேன் நான் நிற்பதைப் பார்த்துத் தானும் நின்றது. மான் அசையவில்லை. நானும் அசையவில்லை. பஸ் சாரதி என்ஜினை அணைத்தார். இரண்டு வெள்ளைக்காரர் ஓட்டோவிலிருந்து இறங்கிக் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்று நாலாபக்கமும் பார்த்தார்கள்.

"இன்னும் போகேல்லயா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இல்லை. குட்டி தாயோட ஒட்டிக்கொண்டு நிக்குது."

கிடாய் எப்படித் தாயானது என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம் யாருக்கு அந்த யோசனை வரும். பின்னால் பஸ் கொண்டக்டர் யாருக்கோ, "மான் குட்டி போடுதாம்" என்று சொல்வது யன்னலால் கேட்டது. பஸ்சிலிருந்து சனம் இறங்கத் தொடங்கியது. ஒரு மனுசி, "பாவம், தண்ணி கிண்ணி குடுங்கோவன்" என்றா.

அப்போது எங்கள் வீதி முனையில் ஓட்டோ ஓடுகிறவர் வரிசையிலிருந்து இறங்கி நடந்து வந்தார். இப்போது புதன்கிழமைகளில் எங்களை நிலாவெளிக்குக் கொண்டுபோகிறவர் அவர்தான். அன்றைக்கு வெறும் முகப்பழக்கம்.

"ஐயா, என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"மான்."

"எங்க?"

கையைக் காட்டினேன். அவர் நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நடந்து போய், மானின் கொம்பில் பிடித்து அதை வீதியிலிருந்து பிடுங்கித் தூக்கினார்.

காய்ந்த வேப்பங்கொப்பு. மழைக்கு வீதியில் குழி விழுந்தால், தெரியாமல் வந்து யாரும் விழுந்துவிடக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரரோ கடைக்காரரோ ஒரு கொப்பை வெட்டி அதற்குள் நட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். வீதியைத் திருத்த வருகிறவர்கள் வரும்வரைக்கும் கொப்புத்தான் காவல். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குட்டி என்பது கொப்பு சாயாமல் முட்டாக வைத்த பழைய கார் ரயர்.

அவர் கொப்பைத் திரும்பவும் குழிக்குள் ஊன்றினார். வெள்ளைக்காரர் அதையும் படம் எடுத்தார்கள். வாகனங்கள் ஒவ்வொன்றாக எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

என் மண்டைக்குள் அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குத்தான் கண் இல்லை. இவளுக்கு?

"குட்டி நிக்குதெண்டு சொன்னீரே?"

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

"உமக்குத் தெரிஞ்சதே, தெரியேல்லையே?"

"நீங்கள்தானே மான் எண்டு சொன்னீங்கள்" என்றாள். "ஒரு மண்ணிறமாய்த் தெரிஞ்சது. எனக்குக் கண்ணில வெள்ளை விழுந்து கனகாலம்."

"எவ்வளவு காலம்?"

"உங்களுக்கு முந்தி."

"அப்ப இவ்வளவு நாளும் பஸ் வருகுது, சைக்கிள் வருகுதெண்டு சொன்னது?"

"பஸ் வந்தாச் சத்தம் கேக்கும்தானே. கோயிலடியில சனம் நிக்கும், மணியடிச்சாப் பிள்ளையள் வருங்கள். இதுக்குக் கண் வேணுமே? உங்களுக்கு வடிவாத் தெரியும், சும்மாதான் என்னைச் சொல்லச் சொல்லுறீங்களெண்டு நினைச்சன். கச்சேரியில இருந்த ஆள், ஆராவது பக்கத்தில இருந்து றிப்போட் குடுத்தாத்தான் வேலை ஓடுமாக்கும் எண்டு இருந்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா ஒப்பரேசன், ஓய்வு எண்டு அக்காட்டப் போறத நிப்பாட்டிப்போடுவீங்கள்" என்று சொன்னவள் அழத் தொடங்கினாள். "அவ இருக்கப்போறதே எத்தின நாளோ தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள் என்று கோபப்படலாம்தான். ஆனால் சோற்றையே பார்க்க முடியாதவன் எந்த முகத்தோடு கோபப்படுவது? நானும் அதே பூசணிக்காயை அவளுடைய சோற்றுக் கோப்பையில் மறைத்தவன். அவள் என் கண்ணை நம்பி வந்தாள், நான் அவள் கண்ணை நம்பி ஓடினேன். இரண்டு வருடம், கிழமைக்கு ஒருமுறை, போகவும் வரவும், அந்தக் காருக்குள் பார்வை என்ற ஒன்று இருக்கவே இல்லை. என்ஜினை அணைத்தேன்.

ஓட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றார். "ஐயா, இறங்கிப் பின்னால இருங்க. நான் கொண்டந்து விடுறன்" என்றார். தன்னுடைய ஓட்டோவைக் கடையொன்றின் முன்னால் தள்ளிவிட்டு வந்து ஏறினார். என் சொந்தக் காரின் பின் சீற்றில் நான் இருந்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. மனைவியும் பின்னால் வந்து பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உட்துறைமுக வீதியில் திரும்பினோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்லகாலம், இந்த ரெண்டு வருசத்தில ஒரு ஆபத்தும் நடக்கேல்ல" என்றேன். "இஞ்ச சனமும் நல்ல மரியாதையான சனம். என்ர காரைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கி நிப்பினம். எதிர வாற ஓட்டோவும் ஒதுங்கி நிண்டு வழி விடும். நானும் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போவன்."

அவர் ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டார். பிறகு குத்தலில்லாமல், காலநிலையைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அது மரியாதையில்ல ஐயா. புதன்கிழமை ஐயாட கார் வாறண்டா எங்கட ஸ்ராண்டில இருந்தே முன்னுக்கு நிக்கிறவனுக்கு போன் போட்டுச் சொல்லுவம். பள்ளிக்கூடத்தடியில பிள்ளையளக் கடத்துறவரும் ஐயா போகுமட்டும் ஒண்டையும் விடமாட்டாரு. வீட்ட வந்து சொல்லுவம் எண்டு ரெண்டு மூணு தரம் கதைச்சம். பெரிய மனுசன், எப்பிடிச் சொல்லுற எண்டு விட்டுட்டம். என்ட மகளுக்கும் சொல்லி வெச்சிருக்கன், வெள்ளைக் கார் வந்தா மதிலோட ஒட்டி நில்லு எண்டு."

கார் ஊர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது போலும், பிள்ளைகளின் சத்தம் எங்கேயோ கேட்டது. வீதியின் இடப்பக்கம் மதிலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த இடம் என்று நினைத்தேன்.

அவர் காரை நிறுத்தி யன்னலால் தலையை நீட்டினார். "மகள், வா, ஏறு."

மதில் அசையவில்லை.

"நான்தான் ஓடுறன். உன்ட வாப்பா. பயப்பிடாம வா."

மூன்றாம் தரம் அவர் கதவைத் திறந்து இறங்கித் தன்னைக் காட்டின பிறகுதான் வெள்ளைச் சீருடையோடு அந்தப் பிள்ளை மதிலை விட்டு வந்தது. அப்போதும் காரின் முன்பக்கத்தால் வரவில்லை. பின்னால் சுற்றிக்கொண்டு வந்து ஏறியது.